பல்லாவரம்: கல்லும் தோலும் சொல்லும் வரலாறு

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் பயணம் செய்வோருக்குப் பறங்கிமலை, மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்பன நிலையங்களின் பெயர்கள் மட்டுமே. 1931-ஆம் ஆண்டு மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கிய நாள் முதல் இவ்வூர்கள் நகரத்தின் வால் போலவே கருதப்பட்டு வந்துள்ளன. நகருக்குள் இடம் கிடைக்காதவர்கள் வந்து குடியேறிய பகுதி என்பதே இவற்றைப் பற்றிய பொதுவான எண்ணம். 2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றிணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. அப்போதும், 'ஒரு புதிய நகரம் பிறந்தது' என்றே பலரும் பேசிக்கொண்டனர்.

மாநகராட்சி புதியது என்பது உண்மையே. ஆனால் அதன் மண் புதியதன்று. இந்திய நிலப்பரப்பில் தொல்மனிதன் வாழ்ந்தான் என்பதற்கான சான்று முதன்முதலாக அறியப்பட்ட இடம் இப்பகுதியில்தான் இருக்கிறது. பல்லவ மன்னன் ஒருவன் குடைந்த குகை இங்கே உள்ளது. அக்குகை இன்று முஸ்லிம்கள் சென்றுவரும் தர்காவாக விளங்குகிறது. கல்கத்தா நகரத்தை நிறுவியவர் என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்த ஆங்கிலேயரின் கல்லறைக்குக் கல் போனதும் இப்பக்கத்துக் குன்றுகளிலிருந்தே. நம் சமுதாயத்தார் பலர் பொருளீட்டிய தோல் தொழிலும் இங்கே செழித்தது. இச்செய்திகளைத் தனித்தனியே அறிந்தோர் இருக்கக்கூடும். அவற்றை ஓரிடத்தில் வைத்துப் பார்க்கும்போது நம் பொறுப்பைச் சுட்டும் ஒரு வினாவும் எழுகிறது. அவ்வினாவை இக்கட்டுரையின் இறுதியில் எடுத்துக்கொள்வோம்.

சரளைக் குழியில் கிடைத்த கைக்கோடரி

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் இளைஞர் பல்லாவரத்து இராணுவ அணிவகுப்புத் திடலில் வெட்டப்பட்டிருந்த சரளைக் குழியொன்றைப் பார்வையிட்டார். குழியிலிருந்து அள்ளிப் போடப்பட்ட செம்புறைச் சரளைக் குவியலில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. இயற்கையாக உடைந்த கல் அது அன்று. மனிதக் கை செதுக்கிய கல். அதுவே இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கைக்கோடரி. அப்போது ஃபூட்டின் வயது 28.

இக்கண்டுபிடிப்பின் அருமையை உணர அக்காலத்தை நினைவிற்கொள்ள வேண்டும். மனிதன் மிகத் தொன்மையானவன், அழிந்துபோன விலங்கினங்களோடு ஒரே காலத்தில் வாழ்ந்தவன் என்ற கருத்தை ஐரோப்பிய அறிவுலகம் ஏற்றுக்கொண்டதே 1859-ஆம் ஆண்டளவில்தான். பிரான்சு நாட்டின் சொம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த கற்கருவிகளே அந்த ஏற்புக்குக் காரணமாயின. அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து அதே வகைக் கருவி பல்லாவரத்தில் வெளிப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஃபூட்டும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் திருவள்ளூருக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டெடுத்தனர். அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் நடத்திய அகழாய்வு, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011-இல் அறிவித்தது. ஃபூட் தொடங்கிய தேடல் அவ்வளவு தொலைவுக்கு நம்மை இட்டுச் சென்றுள்ளது.

ஃபூட்டைப் பற்றித் தமிழ் வாசகர் அறியத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர் இவரே. ஃபூட் பல்லாண்டுகள் அலைந்து திரட்டிய தொல்பொருள் தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது. எழும்பூருக்குச் செல்வோர் நம் புறநகரின் மிகப் பழைய குடிமகனின் கைவேலை எத்தகையது என்பதை அங்கே உணரலாம்.

கற்கால மனிதருக்கு நெடுங்காலம் பின்னர் வாழ்ந்த இரும்புக்கால மக்களும் பல்லாவரத்துக் குன்றுச் சரிவுகளில் தம் தடயங்களை விட்டுச் சென்றுள்ளனர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ இங்கே சுடுமண்ணாலான ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். நீண்ட தொட்டி போன்ற உடலும் அதன் அடியில் வரிசையாகக் குட்டைக் கால்களும் கொண்டது அப்பேழை. இறந்தவரைக் கட்டிலில் கிடத்துவது போலக் கிடத்தி வழியனுப்ப வேண்டும் என்று எண்ணிய மக்கள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். அம்மக்களின் பெயரோ மொழியோ நமக்கு எட்டவில்லை. இறந்தோர்பால் அவர்கள் காட்டிய மரியாதை மட்டும் மண்ணில் தங்கிவிட்டது.

மகேந்திரன் குடைந்த குகை

பல்லவபுரம் என்ற பெயரே பல்லாவரம் என மருவிற்று என்பர். அப்பெயருக்குப் பொருள் சேர்க்கும் சான்று ஊரின் குன்றிலேயே உள்ளது. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் தமிழகத்தில் பாறையைக் குடைந்து கோயில் எடுக்கும் மரபைப் பரவச் செய்தவன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவுமின்றி எழுப்பிய கோயில் என்று விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அவன் பெருமிதத்தோடு குறிக்கச் செய்தான். அவன் குடைவித்த குகைகளுள் ஒன்று பல்லாவரத்தில் இருக்கிறது. சதுரமும் எண்கோணமும் மாறி வரும் கனத்த தூண்கள், அவற்றின் பின்னே மண்டபம், பின்சுவரில் ஐந்து கருவறைகள் என்பது அதன் அமைப்பு. ஐந்து அறைகள் இருந்தமையால் நம் நாட்டு வழக்கப்படி மக்கள் அதனைப் பஞ்சபாண்டவர் குகை என அழைத்தனர். மகேந்திரனின் பட்டப்பெயர்கள் பல்லவ கிரந்த எழுத்தில் அங்கே வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்துகளைக் கொண்டே அறிஞர்கள் அக்குகை யாருடையது என்பதைத் துணிந்தனர்.

இக்குகை பின்னாளில் முஸ்லிம்களின் வழிபாட்டுத் தொடர்புடைய இடமாயிற்று. இன்று தர்காவாக விளங்குகிறது. பல்லவர் கலையைப் பற்றி எழுதிய வரலாற்று ஆசிரியர்கள் இதனைக் குறிப்பிட்டுள்ளனர். பல்லாவரத்துச் சாலையொன்றும் தர்கா சாலை என்றே பெயர் பெற்றுள்ளது. தூண்களின்மேல் சுண்ணாம்பும் வண்ணமும் ஏறியுள்ளன. முன்புறத்தில் பிற்காலக் கட்டட இணைப்புகள் சேர்ந்துள்ளன. மகேந்திரனின் குகை இதுதான் என்று எடுத்துச் சொன்னாலன்றிப் புதியவர் எளிதில் அறிந்துகொள்ள இயலாது.

இவ்வாறான இடங்களைப் பற்றிப் பேசும்போது இரு சாராரும் அவசரப்படுவதுண்டு. ஒரு சாரார் இதனைக் கைப்பற்றலின் அடையாளமாகக் காட்ட முனைவர். மற்றொரு சாரார், பழைய வரலாறு வெளிப்பட்டால் உரிமை பறிபோகுமோ என்ற அச்சத்தில் பழமையை மறைக்க விழைவர். குன்றின் சூழலைக் கூர்ந்து நோக்குவோர் இவ்விரு நிலைகளையும் ஏற்கமாட்டார்கள். பல்லாவரம், திரிசூலம், பம்மல் பகுதிக் குன்றுகளைக் கல்லுடைப்புத் தொழில் பல பத்தாண்டுகளாகத் தின்று வந்துள்ளது. சென்னையின் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் வேண்டிய ஜல்லி இங்கிருந்து போயிற்று. குன்றுகள் இருந்த இடத்தில் இன்று பல பள்ளங்களே உள்ளன. அத்தகைய ஊரில் ஒரு குகை உளிக்கும் வெடிக்கும் தப்பி நிற்கிறதென்றால், அங்கே மக்கள் பக்தியோடு வந்து சென்றதும் அதற்கு ஒரு காரணம் என்று எண்ண இடமுண்டு. ஒரு சமயத்தார் குடைந்ததை மற்றொரு சமயத்தாரின் நாட்டம் காத்து வைத்தது என்றால் அதில் மறைக்கத்தக்கது எதுவுமில்லை. ஆனால் காத்தவர் என்ற பெருமைக்கு உரிமை கொண்டாடுவோர் அக்கல்லெழுத்துகள் வண்ணப்பூச்சில் மங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்கத்தாவுக்குப் போன கல்

அக்குன்றின் கல்லுக்கும் தனி வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான ஜாப் சார்னாக் வங்காளத்தில் இறந்தார். கல்கத்தா புனித யோவான் தேவாலய வளாகத்தில் அவருக்குக் கல்லறை மண்டபம் எழுந்தது. 1695-ஆம் ஆண்டளவில் அதனை எழுப்பியவர் அவருடைய மருமகன் சார்லஸ் ஐர். கங்கைச் சமவெளியின் வண்டல் நிலத்தில் நல்ல கல் கிடைப்பதரிது. எனவே கல்லறையின் எழுத்துப் பலகைக்கான கருங்கல் சென்னைப் பக்கத்திலிருந்து கப்பலேறிற்று.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அக்கல்லறைக் கல்லை ஆராய்ந்து, பறங்கிமலை, பல்லாவரம் பகுதிக் குன்றுகளின் பாறையும் அதுவும் ஒன்றே எனக் கண்டார். அப்பாறை வகைக்கு 1893-இல் அவர் இட்ட பெயர் 'சார்னோக்கைட்'. இன்று அண்டார்க்டிகா உள்ளிட்ட உலகின் பல பகுதிகளில் அவ்வகைப் பாறை அறியப்பட்டுள்ளது. எங்கே கிடைத்தாலும் அதன் பெயர் அதுவே. மாதிரிக் கல் சென்னைப் புறநகருடையது. பெயரோ கல்கத்தாவில் அடங்கியவருடையது. பிறந்த ஊரின் பெயரைப் பெறாமல் போய்ச் சேர்ந்த ஊரின் பெயரைப் பெற்ற பிள்ளையைப் போன்றது இந்தக் கல். பறங்கிமலைப் பகுதியில் உள்ள இப்பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்துள்ளது.

படைகள் தங்கிய நிலம்

பல்லாவரமும் அதனை அடுத்த பறங்கிமலையும் சென்னைக் கோட்டைக்குத் தெற்கு வாயில் போன்றவை. கோட்டையை நோக்கி வருவோரும் கோட்டையிலிருந்து புறப்படுவோரும் இவ்வழியைத் தவிர்க்க இயலவில்லை. 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டிருந்தபோது, 1759 பிப்ரவரி 9-ஆம் நாள் பறங்கிமலை அருகே கடும் போர் நிகழ்ந்தது. ஆங்கிலேயர் தரப்பில் நின்று போரிட்டவர்களுள் ஒருவர் கான் சாகிப் என அறியப்படும் முகம்மது யூசுப் கான். அதே ஆங்கிலேயரும் ஆர்க்காட்டு நவாபும் 1764-இல் அவரை மதுரையில் தூக்கிலிட்டனர்.

1767-இல் பதின்ம வயதினராக இருந்த திப்பு தம் குதிரைப் படையோடு சென்னையின் புறப்பகுதிகள் வரை வந்து கோட்டையைக் கலங்கச் செய்தார். 1769-இல் அவருடைய தந்தை ஹைதர் அலி தம் பெரும்படையைப் பின்னே விட்டுவிட்டு, விரைந்து செல்லும் குதிரை வீரர்களோடு பறங்கிமலைக்கு வந்து சேர்ந்தார். கம்பெனியின் படை வேறிடத்தில் அவரைத் தேடிக்கொண்டிருக்க, அவரோ கோட்டைக்கு அருகிலேயே நின்று பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். அவ்வாண்டு ஏற்பட்ட சென்னை உடன்படிக்கை, ஏறத்தாழ ஹைதர் விரும்பியவாறே அமைந்தது. தாக்குதல் நேர்ந்தால் ஒருவருக்கொருவர் துணை நிற்பது என்பதும் அதன் விதிகளுள் ஒன்று. மராத்தியர் மைசூரின்மீது படையெடுத்தபோது கம்பெனி அவ்விதியைக் காற்றில் பறக்கவிட்டது வரலாறு அறிந்த செய்தி.

போர்கள் ஓய்ந்தபின் அளவுகோல் வந்தது. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் பறங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டின்மீதே பின்னர் இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் முக்கோண அளவைப் பணி எழுந்தது. இமயச் சிகரங்களின் உயரத்தைக் கணித்த பணிக்கு மூலம் நம் புறநகரில் உள்ளது. பறங்கிமலையும் பல்லாவரமும் இணைந்த இராணுவக் குடியிருப்பும் அக்கால ஏற்பாடுகளின் தொடர்ச்சியே. ஃபூட்டின் கைக்கோடரி வெளிவந்ததும் அப்படையினரின் திடலில் வெட்டிய குழியிலிருந்துதான் என்பதை முன்னரே கண்டோம்.

தோல் தந்த பெயர்

ஊருக்கு அரசன் பெயரோ இறைவன் பெயரோ அமைவது நம் நாட்டு வழக்கம். ஒரு வேதிப்பொருளின் பெயரைத் தாங்கிய ஊர் குரோம்பேட்டை. குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவாயிற்று. சென்னை மாகாணத்தில் அதுவரை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோலைப் பதனிட்டனர். பட்டையில் ஊறிய அத்தோல் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் இலண்டன் சந்தையில் நல்ல விலைக்குப் போயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் அலுவலர் சென்னையில் குரோம் முறையைச் சோதித்தார். அச்சோதனையில் செய்யப்பட்ட பொருள்களுள் உழவர் கிணற்றில் நீரிறைக்கும் கவலைச் சாலுக்கான தோல் முக்கியமானது. நீரில் ஊறினாலும் விரைவில் கெடாத தோல் என்பதால் உழவருக்குப் பயன்படும் என்று அவர் கருதினார். 1910-களில் சேம்பர்ஸ் என்பவரின் குரோம் தோல் தொழிற்சாலை பல்லாவரத்தை அடுத்து அமைந்தது. அதனைச் சூழ்ந்து வளர்ந்த பேட்டையே குரோம்பேட்டை.

தோல் தொழிலிலும் தோல் வணிகத்திலும் தமிழ் முஸ்லிம்கள் பெற்ற இடத்தை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி ஆகிய ஊர்களைப் போலவே பல்லாவரத்துப் பதனிடும் கூடங்களிலும் அவர்களின் பங்கு பெரிது. அவ்வாறு ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதி கல்விக்குச் சென்றது. 1919-இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், தோல் வணிகர் ஜமால் முகம்மது சாகிபின் பெயர் தாங்கி 1951-இல் திருச்சியில் எழுந்த கல்லூரியும் அதற்குச் சான்று. நம்மில் பலருடைய பட்டச் சான்றிதழுக்குப் பின்னே ஆவாரம்பட்டையின் வாடை இருக்கிறது.

அந்த வரலாற்றில் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிடுவது நேர்மையாகாது. சுண்ணாம்புக் குழிகளில் முழங்கால் அளவு நின்று தோலைப் புரட்டியவர்களுள் பெரும்பாலோர் தலித் மக்களும் ஏழை முஸ்லிம்களும் ஆவர். அவர்களின் பெயர் எந்தக் கல்லூரி வாயிலிலும் பொறிக்கப்படவில்லை. மேலும், ஊருக்குப் பெயர் தந்த குரோமியம் ஊரின் நீருக்குத் தீங்கும் தந்தது. பல்லாவரம், நாகல்கேணி வட்டாரத்து நிலத்தடி நீரில் அவ்வுலோகம் கலந்திருப்பதை ஆய்வுகள் எடுத்துக்காட்டின. 1996 ஆகஸ்ட் மாதத்தில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்துத் தோல் கூடங்களையும் கட்டுப்படுத்திற்று. மாசு செய்தவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பல கூடங்கள் மூடப்பட்டன. ஒருவர் பிழைப்பு மற்றொருவர் கிணற்றைக் கெடுத்தல் ஆகாது என்பதற்கு நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருந்தோம் என்பது நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

பிணி தீர்த்த இடமும் கல்வி தந்த இடமும்

தாம்பரம் சானடோரியம் என்ற நிலையப் பெயரைக் கேட்போர் அது என்ன சொல் என்று வியப்பதுண்டு. காசநோய்க்கு மருந்து காணப்படாத காலத்தில் தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே மருத்துவமாக இருந்தன. அத்தகைய மருத்துவமனையை டாக்டர் சவரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கினார். 1937-இல் அது அரசின் பொறுப்புக்கு வந்தது. அன்று நகரத்தின் புகை எட்டாத காட்டுப்புறம் என்பதாலேயே தாம்பரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்றைய பெருஞ்சாலைப் போக்குவரத்து நெரிசலில் நின்று அதை நினைத்துப் பார்க்கையில் நகைப்பும் வருத்தமும் சேர்ந்தே தோன்றும். 1990-களில் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானோரைத் தொடவும் பலர் அஞ்சிய வேளையில் அவர்களுக்குப் புகலிடமாக விளங்கியதும் இம்மருத்துவமனையே. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அதன் வளாகத்தில் இன்றும் அடர்ந்து நிற்கும் மரங்கள், அன்றைய தாம்பரம் எத்தகையது என்பதற்கு எஞ்சியுள்ள சான்று.

1949-இல் சி. இராசம் தம் இல்லத்தை விற்றுத் திரட்டிய பொருளைக் கொண்டு குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியைத் தோற்றுவித்தார். வானூர்திப் பொறியியல் பயில அங்கே இராமேசுவரத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். சேர்க்கைக் கட்டணத்துக்குப் பணமில்லாதபோது அவருடைய தமக்கை ஜொஹரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். கல்லூரியில் காட்சிக்கு நிறுத்தப்பட்டிருந்த பழைய விமானங்கள் அவ்விளைஞரின் மனத்தைக் கவர்ந்தன. அவரே பின்னர்க் குடியரசுத் தலைவராக உயர்ந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். எழுத்தாளர் சுஜாதாவும் அக்கல்லூரியின் மாணவரே. வானைப் பற்றிப் பயின்ற அவர்களின் அஞ்சல் முகவரியில் தோலைப் பதனிட்ட தொழிற்சாலையின் பெயர் இருந்தது.

யார் காப்பது?

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட வினாவுக்கு வருவோம். இத்தனை பழமையும் ஒரே நிலப்பரப்பில் குவிந்திருக்க, அதனைக் காப்பது யாருடைய கடமை?

அரசின் கடமை என்று விடையிறுப்பது எளிது. அரசும் சட்டம் இயற்றியுள்ளது. 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்பத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும். பல்லாவரத்தின் ஈமச்சின்னப் பகுதிகளைச் சூழ்ந்து ஏற்கெனவே குடியிருந்த மக்கள் இதனால் வீட்டைப் புதுப்பிக்கவும் இயலாமல் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். சேமிப்பை எல்லாம் கொட்டி ஒரு மனை வாங்கிய நடுத்தரக் குடும்பத்துக்குத் தொல்பழங்காலம் என்பது வீட்டுக் கடனுக்கு வந்த இடையூறாகவே தெரிகிறது. அவர்களைக் குறைகூற இயலாது. அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு சிறு காட்சிக்கூடமேனும் அமைத்துவிட்டு அல்லவா தடையை விதித்திருக்க வேண்டும்! அறிவிக்காமல் தடுக்கும்போது வரலாறு பகையாகிவிடுகிறது.

மறுபுறம், எவரும் தடுக்காத இடங்களில் என்ன நேர்ந்தது என்பதற்குப் பல்லாவரம் பெரிய ஏரியே சான்று. துரைப்பாக்கம் செல்லும் அகன்ற சாலை அவ்வேரியை இரு துண்டாக்கிற்று. ஏரியின் ஒரு பகுதி குப்பை மேடாயிற்று. மழை பெய்யும்போது தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வீடுகளுக்குள் வருகிறது. ஏரியும் ஒரு வரலாற்று ஆவணமே. அதனை வாசிக்க மறந்தவர்களுக்கு வெள்ளம் நினைவூட்டுகிறது.

ஆகவே, காக்கும் கடமையில் நமக்கும் பங்குண்டு. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் நம்முடையதன்று, உரியவரிடம் பழுதின்றிச் சேர்க்க வேண்டியது என்பதை அமானிதம் என்ற சொல்லால் நாம் அறிவோம். பல்லவன் குடைந்த குகை முஸ்லிம்களின் கைக்கு வந்தது அத்தகைய அமானிதமே. அதன் கல்லெழுத்தின் மீது இனி வண்ணம் ஏறாமல் தடுப்பதும், இது மகேந்திரவர்மனின் பணி என்று தர்கா வாயிலிலேயே ஒரு பலகை நிறுத்துவதும் நம் உரிமையைக் குறைத்துவிடா. மாறாக, நாணயமான காவலர் என்ற பெயரை நமக்குத் தரும். மூடப்பட்ட தோல் கூடங்களின் கணக்கேடுகள், பழைய பள்ளிவாசல்களின் வக்ஃபு ஆவணங்கள், தொழிலாளர் குடும்பத்து முதியோரின் நினைவுகள் ஆகியவை இன்னும் நம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. கட்டடம் இடிபடும் நாளில் ஏடுகள் பழைய தாள் வணிகரிடம் எடைக்குப் போகும். அதற்குமுன் அவற்றைத் திரட்டுவது ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் செய்யக்கூடிய எளிய பணி. கல்லூரி கட்டியவர்களின் பெயரோடு, குழியில் நின்றவர்களின் பெயரும் அந்த ஏட்டில் இடம்பெறட்டும்.

1863-இல் ஃபூட் அக்கல்லைக் குனிந்து எடுக்காதிருந்தால் அது மற்றச் சரளையோடு சேர்ந்து ஏதோ ஒரு பாதைக்கு அடியில் போயிருக்கும். அத்திடலை அன்று கடந்து சென்றோர் எத்தனையோ பேர். அவர்கள் கண்ணிலும் அக்குவியல் பட்டிருக்கும். பல்லாவரத்தில் இன்றும் அஸ்திவாரக் குழிகள் வெட்டப்பட்டு வருகின்றன. வெளியே அள்ளிப் போடும் மண்ணை ஒருமுறை குனிந்து பார்ப்போர் சிலரேனும் அவ்வூரில் இருக்க வேண்டும்.